கென்டக்கி மண்டலினும் உடப்புக் கரையும்: ஒரு வாசிப்பு கைமாறிய கதை

கென்டக்கி என்ற பெயரை எங்களில் பலர் முதலில் அறிந்தது பொரித்த கோழியால்தான். அமெரிக்காவின் அந்த மாநிலத்துக்கு இன்னொரு பட்டப்பெயரும் உண்டு. அங்கே செழித்து வளரும் ஒரு வகைப் புல்லை வைத்து அதை 'புளூகிராஸ் மாநிலம்' என்பார்கள். அந்த ஊர் மண்டலின்காரர் ஒருவர் தன் குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தார். பிறகு குழுவின் பெயரே ஒரு இசை வகையின் பெயராகிவிட்டது. இன்றைக்கு உடப்பில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, போனில் பாடம் பார்த்து, அந்த புளூகிராஸ் மண்டலினைப் பழகலாம். சில மாதங்களாக நான் செய்வது அதைத்தான்.

பழகப் பழக எனக்குள் வந்தது ஒரு வரலாற்றுக் கேள்வி. கென்டக்கியின் ஒரு மூலைக் கிராமத்து வாசிப்பு எந்தெந்தக் கைகளைத் தாண்டி என் போனுக்கு வந்தது? அதைவிட வயது கூடிய எங்கட கரைவலை அம்பாப் பாட்டுக்கு ஏன் அப்படி ஒரு பாதை போடப்படவில்லை? முதல் கேள்விக்கு விடை தேடினால் இரண்டாவதுக்கும் பாதி விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் கென்டக்கிக்குப் போவோம்.

எட்டுத் தந்திகள்

மண்டலின் இத்தாலிக்காரருடைய கருவி. இன்று நாங்கள் காணும் வடிவம் 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் உருவானது. எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு சோடி. ஒவ்வொரு சோடியிலும் இரண்டு தந்திக்கும் ஒரே சுருதி. நான்கு சோடிகளின் சுருதி வரிசையும் வயலினுடையதேதான். வித்தியாசம் என்னவென்றால், வயலினில் வில்லை இழுக்கும் வரைக்கும் சத்தம் நிற்கும். மண்டலினில் தட்டியவுடன் சத்தம் எழும்பி உடனே செத்துப்போகும். இந்த ஒரு குறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடியேறிகளோடும் கச்சேரிக் குழுக்களோடும் மண்டலின் அமெரிக்காவில் பரவியது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்ற ஊரில் ஓர்வில் கிப்சன் என்ற கைவினைஞர், வயலினுக்குச் செய்வதுபோல மரத்தைக் குடைந்து செதுக்கி மண்டலின் செய்தார். 1898இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். 1902இல் அவர் பெயரில் கம்பனி வந்தது. 1922இல் அந்தக் கம்பனியில் வேலை செய்த லொயிட் லோர், எஃப் 5 என்ற மாதிரியை வடிவமைத்தார். பழைய வட்டத் துளைக்குப் பதிலாக வயலின் மாதிரி இரண்டு நீளத் துளைகள். மேடையில் கணீரென்று கேட்கும் சத்தம். அது இறங்கிய நேரம் மண்டலின் மோகம் அமெரிக்காவில் குறைந்துவிட்டிருந்தது, அதனால் பெரிதாக விற்கவும் இல்லை.

எங்கட தீவுக்கும் மண்டலின் வேறு வழியால் வந்து சேர்ந்தது. போர்த்துக்கேய வேர் கொண்ட மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் ரபானும் மண்டலினும் துணை. பைலாப் பாட்டுகளிலும் அதைக் கேட்கலாம். ஆக, நாங்கள் புதிதாகப் பார்க்கும் கருவி இல்லை இது. புதிதாக இருப்பது கென்டக்கிக்காரர் அதை வாசித்த முறை.

கடைக்குட்டிக்குக் கிடைத்த கருவி

பில் மன்ரோ 1911 செப்டம்பர் 13இல் கென்டக்கியின் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. பார்வைக் குறைபாடு வேறு. மூத்தவர்களில் ஒருவர் ஃபிடிலை எடுத்துக்கொண்டார் (நாட்டார் இசையில் வாசிக்கும் வயலினை அங்கே ஃபிடில் என்பார்கள்). இன்னொருவர் கிட்டாரை எடுத்துக்கொண்டார். மிஞ்சியது மண்டலின். சத்தம் அதிகம் வராமல் இருக்க எட்டுத் தந்தியில் நான்கை மட்டும் பூட்டி வாசிக்கச் சொன்னார்களாம். கடைக்குட்டியாகப் பிறந்தவர்களுக்கு இந்த நீதி நன்றாகத் தெரியும்.

பத்து வயதில் தாய் போய்விட்டார், பதினாறில் தகப்பனும். பிறகு தாயின் சகோதரர் பென்டில்டன் வான்டிவரோடு, அதாவது தன் மாமாவோடு இருந்தார். அந்த மாமா ஊர் ஆட்டங்களுக்கு ஃபிடில் வாசிப்பவர். மருமகன் பக்கத்தில் இருந்து தாளம் பிடிப்பார். பாடப் புத்தகமும் இல்லை, சுரம் எழுதிய தாளும் இல்லை. மாமாவின் முழங்கை எப்படி அசைகிறது, ஆடுகிறவர்களின் கால் எங்கே விழுகிறது என்பதுதான் பாடம்.

இன்னொரு ஆசானும் இருந்தார். ஆர்னல்ட் ஷுல்ட்ஸ், கறுப்பினத் தொழிலாளி, கிட்டாரும் ஃபிடிலும் வாசிப்பவர். நிறவெறி சட்டமாகவே இருந்த காலத்தில் சிறுவன் மன்ரோ அவரோடு சேர்ந்து ஆட்டங்களுக்கு வாசித்தார். மன்ரோவின் மண்டலினில் கேட்கும் புளூஸ் வாசனை, அந்தச் சுரத்தை இழுத்துச் சறுக்கும் வேலை, ஷுல்ட்ஸிடம் இருந்து வந்தது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார், மாமா 1932இல். இரண்டு பேருடைய வாசிப்பிலும் ஒரு நிமிடம்கூட ஒலிப்பதிவாக இல்லை. இன்று உலகம் முழுக்கக் கற்பிக்கப்படும் ஒரு பாணியின் இரண்டு ஊற்றுகளையும் யாரும் கேட்க முடியாது. அவர்களிடம் இருந்தது மன்ரோவின் கைக்கு வந்தது. மன்ரோவின் கை ஒலிப்பதிவானது. அவ்வளவுதான் மிச்சம். 1972இல் மன்ரோ தன் மாமாவின் ஃபிடில் மெட்டுகளை ஞாபகத்தில் இருந்து எடுத்து, கென்னி பேக்கர் என்ற ஃபிடில்காரரோடு ஒரு முழு இசைத்தட்டாகப் போட்டார். மாமா இறந்து நாற்பது வருடத்துக்குப் பிறகு.

வானொலி பிடித்த கை

1925ஆம் ஆண்டைக் கவனியுங்கள். நவம்பர் 28இல் அமெரிக்காவின் நாஷ்வில் வானொலியில் ஒரு நாட்டார் இசை நிகழ்ச்சி தொடங்கியது. பிறகு அதற்கு 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று பெயர் வந்தது. மூன்று கிழமை கழித்து, டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கியது. எங்கட பாட்டிமாருக்குச் சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது ஒன்று, கென்டக்கிப் பண்ணைப் பிள்ளைகளுக்கு ஊர் இசையைக் கொண்டுபோனது மற்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

மன்ரோ வேலை தேடி வடக்கே போய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் உழைத்தார். அண்ணன் சார்லியோடு சேர்ந்து பாடி 1936இலிருந்து இசைத்தட்டுப் போட்டார். 1938இல் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். 1939இல் தன் சொந்தக் குழுவோடு ஓப்ரி மேடையில் ஏறினார். அந்தக் குழுவுக்குத்தான் புளூகிராஸ் பெயர். 1940களின் நடுவில் ஃபுளோரிடாவில் ஒரு சலூனில் பழைய மண்டலின் ஒன்று விற்பனைக்கு இருப்பதைக் கண்டு, 150 டொலருக்கு வாங்கினார். 1923இல் செய்த எஃப் 5 அது. விலைபோகாமல் கிடந்த மாதிரி. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் பான்ஜோவோடு குழுவில் சேர்ந்தார். நாங்கள் இன்று புளூகிராஸ் என்று கேட்கும் சத்தம் அப்போதுதான் முழுமையானது.

அதாவது 'பாரம்பரிய புளூகிராஸ் மண்டலின்' என்று பாடத் தலைப்பில் போடுகிறார்களே, அந்தப் பாரம்பரியத்துக்கு வயசு நூறுகூட ஆகவில்லை. எங்கட ஊர் அப்பப்பாமார் சிலரை விட இளமை. ஒன்றைப் பாரம்பரியம் என்று கொண்டாடவும் கற்பிக்கவும் அதற்குப் பெரிய வயது தேவையில்லை போல.

பாணி என்றால் என்ன?

ஒரே மெட்டை யாரும் வாசிக்கலாம். அது மன்ரோ வாசித்த மாதிரிக் கேட்க வேண்டுமென்றால் சில விஷயங்கள் வேண்டும்.

முதலாவது, வலது கை. தந்தியைத் தட்டும் சின்னத் தகடு மேலிருந்து கீழே விழும் அடிதான் மன்ரோவுக்குப் பிரதானம். வசதிக்காக மேல், கீழ், மேல், கீழ் என்று மாற்றி அடிக்கிற இடத்தில்கூட அவர் பல இடங்களில் கீழடியாகவே அடுக்குவார். அதனால்தான் அந்த வாசிப்பில் ஒரு முரட்டுத்தனம். ஆட்டத்துக்கு வாசித்த கை அது.

இரண்டாவது, ஒரு சோடியோடு பக்கத்துச் சோடியையும் சேர்த்துத் தட்டி இரட்டைச் சுரமாக வாசிப்பது. மாமாவின் ஃபிடிலில் வில் இரண்டு தந்தியில் சேர்ந்து உரசுவதை மண்டலினில் கொண்டுவந்த வேலை இது.

மூன்றாவதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. புளூகிராஸ் குழுவில் மேளம் இல்லை. அந்த வேலையை மண்டலின் செய்கிறது. தாளத்தின் பலமான அடியைப் பெரிய பாஸ் கருவி எடுத்துக்கொள்ளும். இரண்டு அடிக்கு நடுவில் மண்டலின்காரர் நான்கு சோடியையும் ஒரே வெட்டாக வெட்டி, அடுத்த கணமே இடது கை விரலைத் தளர்த்திச் சத்தத்தைக் கொன்றுவிடுவார். 'சக்' என்று மட்டும் கேட்கும். தட்டியவுடன் சத்தம் செத்துப்போகும் என்று முதலில் சொன்னேனே, அந்தக் குறையை மன்ரோ இன்னும் கொஞ்சம் கூட்டி மேளமாக்கிவிட்டார்.

இதையெல்லாம் சுரமாக எழுதிவைக்கலாம். எழுதிய தாளைப் பார்த்து வாசித்தால் மெட்டு வரும், 'சக்' வராது. பாணி என்பது பெரும்பாலும் தாளில் ஏறாமல் நிற்கிற அந்த மிச்சம். அதை யாராவது ஒருவர் கையில் பார்க்க வேண்டும், அல்லது காதால் நூறு தடவை கேட்க வேண்டும்.

மெதுவாக்கும் கலை

மாமாவின் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? 1950களில் நகரத்து இளைஞர்கள் இந்த இசைமேல் ஆசைப்பட்டார்கள். அவர்களிடம் இருந்தது இசைத்தட்டு. நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்ற வேண்டிய தட்டை, 16⅔ வேகத்தில் விட்டால் வாசிப்பு சரியாகப் பாதி வேகத்துக்கு வரும். சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், ஆனால் சுரம் மாறாது. அப்படி ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, தட்டு தேயும் வரைக்கும் கேட்டு, ஒரு தலைமுறை தன்னைத் தானே பழக்கியது.

அடுத்ததாக, ஒரு ஆள் வந்தார். ரால்ஃப் ரின்ஸ்லர், நியூ ஜேர்சிக்காரர், தானும் மண்டலின் வாசிப்பவர். 1963இல் மன்ரோவைப் பற்றி நீளமான கட்டுரை எழுதினார், அவருடைய நிகழ்ச்சிகளைப் பொறுப்பெடுத்தார், அவருடைய பழைய கதைகளைக் கேட்டுப் பதிந்தார். பிறகு 1967இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நாட்டார் வாழ்வியல் விழா தொடங்கவும் அவர் முக்கிய காரணம். மன்ரோவைப் புதிய தலைமுறை ஒரு மூலவராகப் பார்க்கத் தொடங்கியதில் இந்த ஒரு மனிதரின் அலைச்சலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1965இல் வேர்ஜினியாவின் ஃபின்காசிலில் பல நாள் நடக்கும் முதலாவது புளூகிராஸ் விழா. மேடை ஒரு பக்கம், மரத்தடியில் வட்டமாக இருந்து வாசிக்கிறவர்கள் மறுபக்கம். தெரிந்தவர் முன்னால், தெரியாதவர் பின்னால். 1967இல் ஹாப்பி டிரௌம், ஜேன் டிரௌம் தம்பதியர் நியூயோர்க் மாநிலத்தின் வூட்ஸ்டொக்கில் இருந்து ஒலிநாடாவில் பாடம் பதிந்து தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். 1968இல் ஸ்க்ரக்ஸின் பான்ஜோப் பாடப் புத்தகம் வந்தது. பிறகு வீடியோ நாடா, பிறகு இறுவட்டு, பிறகு இணையம். மைக் மார்ஷல் போன்ற பெயர் பெற்ற மண்டலின்காரர்கள் இணையப் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். நீங்கள் வாசித்ததை வீடியோவாக அனுப்பினால் ஆசிரியர் அதைப் பார்த்துப் பதில் வீடியோ அனுப்பும் முறையும் உண்டு.

ஆக, என் போனில் திறக்கும் பாடத்துக்குப் பின்னால் மாமா, தொழிலாளி, வானொலி, இசைத்தட்டு, ஊசியைத் தூக்கிவைத்த பொடியன்கள், கட்டுரை எழுதியவர், மரத்தடி வட்டம், தபால் நாடா என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர், 'இது போய்விடக் கூடாது' என்று மெனக்கெட்டிருக்கிறார்.

பாடிக் காட்டிய குரு

இதே கருவி எங்கட பக்கம் எடுத்த பாதையையும் பார்ப்போம். உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் 1969 பெப்ரவரி 28இல் ஆந்திராவின் பாலகொல்லு என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் சத்யநாராயணா கிளாரினெட் வாசிப்பவர், வீட்டில் ஒரு மண்டலினும் இருந்தது. ஆறு வயதில் பிள்ளை அதைத் தூக்கிவிட்டான். கர்நாடக இசை படிப்பிக்க வந்தவர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பிள்ளை அந்தப் பாட்டை மண்டலினில் தேடிப் பிடிப்பான். விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர உலகத்திலேயே ஆள் இல்லாத ஒரு வாசிப்பை, குரலை மட்டும் கேட்டு உண்டாக்கினார். 1978இல் குடிவாடாவில் தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி. 1981இல் சென்னை சபாவில். 1983இல் பேர்லின் ஜாஸ் விழாவில்.

பெரிய பிரச்சினை அந்தப் பழைய குறைதான். கமகத்துக்குச் சுரம் நின்று அசைய வேண்டும், மண்டலினில் சத்தம் நிற்காது. ஸ்ரீநிவாஸ் மின்சார மண்டலினுக்குப் போனார். சோடித் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளாக ஐந்து பூட்டினார். ஒற்றைத் தந்தி விரலுக்கு வளையும், மின்சாரம் சத்தத்தைத் தாங்கி நிற்கும், ஐந்தாவது தந்தி கீழ் ஸ்தாயிக்கு இடம் கொடுக்கும். மன்ரோ குறையை மேளமாக்கினார், ஸ்ரீநிவாஸ் குறையையே இல்லாமல் செய்தார். 2014 செப்டம்பர் 19இல், 45 வயதில் அவர் இறந்தபோது, கர்நாடக மேடையில் மண்டலினுக்கு ஒரு நிரந்தர இருக்கை இருந்தது.

இணையத்தில் பழகுகிற எங்களுக்கு இந்தக் கதை ஒரு எச்சரிக்கையும்தான். திரையில் எங்களுக்குக் கை தெரிகிறது, பக்கத்தில் இருந்து பார்ப்பதைவிடத் தெளிவாக. சுருதி மாறாமல் பாதி வேகத்துக்கு இறக்கலாம், இரண்டு செக்கனை நூறு தடவை ஓடவிடலாம். 1950களின் பொடியன்கள் கனவு கண்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் விரலைப் பார்த்துப் பார்த்து விரலை மட்டும் பழகிவிடுவது மிகவும் இலகு. பாடத்தை மூடிவிட்டு, மெட்டை வாயால் பாடிப் பார்த்தால்தான் அது எனக்குள் ஏறியதா என்று தெரியும். சுப்பராஜுவிடம் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அதுதானே.

திரை தராத இன்னொன்று, பக்கத்தில் ஆள். 'சக்' என்ற வெட்டு தனியாக வாசிப்பதற்கு உரியதே இல்லை. யாரோ பாட, யாரோ ஃபிடில் வாசிக்க, அவர்கள் விழாமல் தாங்குவதற்கு உள்ளது. வீட்டில் தனிய இருந்து ஒலிப்பதிவுக்கு மேல் வெட்டிப் பழகலாம். அந்த ஒலிப்பதிவு நான் பிந்தினாலும் எனக்காகக் காத்திருக்காது. காசும் இருக்கிறது. முறையான பாடத்துக்கு டொலரில் சந்தா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டபோது, இங்கே எத்தனை பேர் எத்தனை பாடத்தைக் கைவிட்டிருப்பார்கள். மிச்சமான எங்களுக்கு இருப்பது இலவச வீடியோக்களும் இரவு டேட்டாவும்.

எங்கட மாமாமார்

இனி ஊருக்கு வருவோம். உடப்பு சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு. இராமநாதபுரக் கரையில் இருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஆடியில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு. தொழில் கரைவலை.

கரைவலை தெரியாத வாசகருக்காக: தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்த இழுவைக்குப் பாடுவதுதான் அம்பா. ஒருவர் அடியெடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. பின்பாட்டு விழும் இடத்தில் எல்லோருடைய காலும் மணலில் ஊன்றும், எல்லோருடைய கையும் ஒன்றாக இழுக்கும். மேளம் இல்லாத குழுவில் மண்டலின் செய்யும் வேலை என்று சொன்னேனே, இங்கே அந்த வேலையைச் செய்வது பின்பாட்டு. யாராவது ஒரு அரை அடி பிந்தினால் கயிறே சொல்லிவிடும்.

அடியெடுப்பவர் அதை எங்கே படித்தார்? மன்ரோ படித்த மாதிரித்தான். மாமாவுக்குப் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி. சொல்லைப் புத்தகத்தில் போடலாம். வலை கனக்கும்போது அடியை எப்படி இழுத்துவிடுவது, மடி தெரிந்ததும் எப்படி முடுக்குவது, ஆட்கள் சோர்ந்தால் யாரைச் சீண்டி எந்த வரியைப் போடுவது என்பதெல்லாம் புத்தகத்தில் ஏறாத மிச்சம். பாணி என்பது அதுதான் என்று கொஞ்சம் முன்னால் பார்த்தோம்.

அந்தப் பக்கத்து இடம் இப்போது குறைகிறது. இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கிறார்கள். அதைத் தடுப்பதா விடுவதா என்று வருடக்கணக்காக வாக்குவாதம் நடக்கிறது. ஆள் கிடைக்காத சம்மாட்டிக்கு அதில் நியாயம் இருக்கிறது, கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்தவருக்கு ஓய்வும் இருக்கிறது. 'பாட்டுக்காக நீங்கள் தொடர்ந்து கஷ்டப்படுங்கள்' என்று கம்பஸில் படிக்கும் நான் யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் வின்சுக்குப் பாட்டுத் தேவையில்லை. இழுவை போனால் அம்பாவுக்கு மேடையில்தான் இடம். மேடையில் கயிறு கனக்காது.

ஒரு பாட்டு அதன் காரணத்தை இழந்த பிறகும் வாழுமா? எங்கட மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. புத்தளம் நகரை அண்டிய சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள், காலனித்துவ ஆட்சிகள் கொண்டுவந்த படைவீரர்களின், அடிமைகளின் பிள்ளைகள். அவர்களுடைய மஞ்ஞா பாட்டு போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் இருக்கிறது. இன்று அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். பாடுகிற பல சொற்களின் பொருள் இப்போது முழுமையாகத் தெரியாது. ஆனாலும் மேளம், சிரட்டை, போத்தல், கரண்டி என்று கையில் கிடைத்ததைத் தட்டி, மெதுவாகத் தொடங்கி வேகமாக ஏறி, எல்லோரும் எழும்பி ஆடும் வரைக்கும் பாடுகிறார்கள். மொழி போன பிறகும் பாணி நின்றிருக்கிறது. காரணம், அவர்கள் ஒன்றாகக் கூடிப் பாடுவதை விடவில்லை.

இந்த இரண்டு உதாரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. கென்டக்கி சொல்வது: மூத்தவரின் கையை அவர் இருக்கும்போதே பதிந்துவை, பிறகு வருகிறவன் பழகக்கூடிய மாதிரிப் பதிந்துவை. சிரம்பியடி சொல்வது: பதிந்தது மட்டும் போதாது, கூடிப் பாட ஒரு நாளும் இடமும் வேண்டும்.

போனில் அம்பா வீடியோக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு நிமிடம், தூரத்தில் இருந்து எடுத்தது, காற்றுச் சத்தம் பாதி. பார்க்க அழகு, பழக முடியாது. பழகுவதற்கு வேறு மாதிரிப் பதிய வேண்டும். அடியெடுப்பவரின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு போன், பின்பாட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, கால்களைக் காட்டி ஒன்று. வலை போட்டதில் இருந்து மடி ஏறும் வரைக்கும் வெட்டாமல் முழு இழுவை. பிறகு நிழலில் அவரை இருத்தி, 'மாமா, அந்த இடத்தில் ஏன் வரியை மாத்தினீங்க?' என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டு அதையும் பதிவது. அவருடைய சம்மதத்தோடு, அவருடைய பெயரோடு. ரின்ஸ்லர் செய்தது இதற்கு மேல் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவரிடம் இருந்ததைவிட நல்ல கருவி எங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் கிடக்கிறது.

கூடிப் பாடுவதற்கான நாளை நாங்கள் புதிதாக உண்டாக்கத் தேவையில்லை. ஆடித் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள், கொழும்பில் இருப்பவர்கள், கம்பஸில் இருப்பவர்கள் எல்லோரும் ஊருக்கு வருகிறோம். அது சோளகக் காற்றுக் காலம், கடல் கொந்தளிப்பாக இருக்கும், எங்கட கரையில் வலை ஓய்ந்திருக்கும். தொழிலுக்குக் கிழக்குக் கரைக்குப் போனவர்களும் அம்மனுக்காகத் திரும்பி வருவார்கள். அடியெடுக்கத் தெரிந்தவர்களும் எடுக்கத் தெரியாத நாங்களும் ஒரே ஊரில் இருக்கும் சில நாட்கள் அவை. முழு இழுவையைப் பதிய வாடைக்காலம் வரைக்கும் பொறுக்க வேண்டும். கேட்டுப் பதிவதற்கு அந்தச் சில நாட்கள் போதும்.

இந்தக் குழுவில் உடப்பு, முந்தல், சிலாபம், கற்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் எத்தனை பேர்? வருகிற ஆடிக்கு மூன்று போன், ஒரு நல்ல மைக், பொறுமையாகக் கேள்வி கேட்கக்கூடிய இரண்டு பேர் வேண்டும். போன் ஒன்று என்னிடம் இருக்கிறது.